வாசல் பாதமும் கொல்லைப் பாதமும்

படிப்பை முடித்துவிட்டு வருகிற எவனுக்கும் முதல் இரண்டு வருஷம் ஒரு வியாதி உண்டு. வைத்தியம் படித்தவனுக்கு எதிரே வருகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள். சட்டம் படித்தவனுக்கு எல்லாரும் கட்சிக்காரர்கள். எஞ்சினீயரிங் படித்த எனக்கு, கண்ணில் படுகிற தூணெல்லாம் இன்னும் கொஞ்ச நேரத்தில் பூமிக்குள் போகப்போகிற தூண். மூன்றாவது வருஷம் இது தானாகவே தெளிந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தெளிவதற்குள் பெண் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்போது உடும்பஞ்சோலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எனக்கு உத்தியோகம். கான்கிரீட் என்கிற பெயரே எங்கள் பக்கத்துக்குப் புதிது. இலை உலர்த்த ஒரு புதுக் கட்டடம் எழுப்பும் வேலையைத் தோட்டத்துத் துரை என் கையில் விட்டிருந்தார். (அவ்வளவு நம்பிக்கையா என்று வியக்க வேண்டாம். அந்தக் குளிருக்கும் அட்டைக்கும் வேறு எஞ்சினீயர் யாரும் வரச் சம்மதிக்கவில்லை.) தலையில் ஒரு தொப்பி, கையில் ஒரு அளவுகோல், நெஞ்சு நிறையத் தன்னம்பிக்கை. தொப்பிதான் கொஞ்சம் லொடலொடவென்று இருக்கும். தன்னம்பிக்கை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

என் வியாதியின் மூலத்தைச் சொல்லிவிடுகிறேன். தூணை வெறும் மண்ணில் நிறுத்தினால் புதைந்துவிடும். அதற்காக அடியில் அகலமாக ஒரு கான்கிரீட் பலகை போட்டு, அதன்மேல் தூணை நிறுத்துவோம். மனிதனுக்குப் பாதம் எதற்கோ, தூணுக்கு அது அதற்கு. நானும் அதைப் பாதம் என்றே சொல்லிவிடுகிறேன். பாதம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் கனம் போதாவிட்டால் ஆபத்து. உள்ளங்கையில் ஒரு பொரித்த அப்பளத்தை வைத்துக்கொண்டு நடுவில் ஒரு விரலால் அழுத்திப் பாருங்கள். விரல் ஒரு வட்டத்தைப் பெயர்த்துக்கொண்டு நேரே உள்ளங்கைக்கு வந்துவிடும். சுற்றியுள்ள அப்பளம் எனக்கென்ன வந்தது என்று அப்படியே இருக்கும். தூணும் பாதத்தை இப்படித்தான் துளைக்கும். வளைந்து, விரிசல் காட்டி, முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற விபத்து இல்லை இது. டபக்கென்று போய்விடும்.

எங்கள் காலேஜில் அப்படித் துளைபட்ட ஒரு பாதத்தின் நடுத்துண்டைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மேலே குறுகி, அடியில் விரிந்து, கவிழ்த்து வைத்த வெண்கலப் பானை மாதிரி இருக்கும். அதைப் பார்த்த அன்று முதல் எனக்கு ஊண் உறக்கம் இல்லை. பாதத்தைக் கனமாகப் போடு. தூண் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன மேடை கட்டி அடியை அகலமாக்கு. கலவை நன்றாக இறுகட்டும். அடியில் கம்பியைப் பின்னிவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாதே, கம்பி பாதத்தை வளையாமல்தான் காக்கும், துளைபடாமல் காக்காது. இந்த உபதேசத்தை ரயிலில் எதிரே உட்கார்ந்தவரிலிருந்து எனக்குச் சவரம் செய்தவர் வரைக்கும் எல்லாருக்கும் செய்திருக்கிறேன். சவரம் செய்தவர் மட்டும் கையில் கத்தி இருந்த தைரியத்தில், "கொஞ்சம் வாயை மூடுங்கோ சாமி" என்றார்.

தை பிறந்ததும் பாலக்காட்டுக் கல்பாத்தியில் வக்கீல் ஹரிஹரய்யர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனோம், அப்பாவும் நானும். வழியிலேயே அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சேஷா, அங்கே வந்து தூணைப் பத்திப் பேசப்படாது. பொண்ணைப் பத்திக் கேட்டா மட்டும் பதில் சொல்லு. கேட்டியா?"

"சரிப்பா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

வக்கீல் வீடு தெருக்கோடியில், முன்னும் பின்னும் இடம் விட்டுக் கட்டிய வீடு. விதியைப் பாருங்கள், வாசலில் காலை வைத்ததுமே ஆறு குழிகள். வக்கீலின் சட்டப் புத்தகங்கள் வீடு கொள்ளாமல் பெருகிவிட்டதால், முன்பக்கம் ஆறு தூண்களை எழுப்பி மேலே ஒரு கூடம் கட்டப்போகிறார். புத்தகம் மேலே, காத்திருக்கும் கட்சிக்காரர்கள் கீழே. நான் கழுத்தை நீட்டிக் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கம்பி பின்னித் தயாராக இருந்தது. பாதத்துக்காக அடித்திருந்த பலகைச் சட்டம் நாலு விரல் உயரம். நாலே விரல்! தொப்பி கழன்று குழிக்குள் விழுந்தது. ஜன்னலுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, என் மனசோ குழியை விட்டு வரவில்லை. பிறகு வக்கீலின் பெண் பாகீரதி காப்பி கொண்டுவந்தாள். டவராவை என் முன்னால் வைக்கும்போது, என் தொப்பியில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜன்னலில் சிரித்தது இவள்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வேறு எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

ஆனால் அந்த நிமிஷம் போனதும் நினைப்பு மறுபடியும் குழிக்குப் போய்விட்டது. இந்தப் பெண்ணல்லவா அந்தத் தூண்களுக்கு நடுவே தினமும் நடக்கப்போகிறாள்? மேலே மணங்கு மணங்காகச் சட்டம். கீழே நாலு விரல் பாதம்.

"என்ன ஓய், பொண்ணைப் பிடிச்சிருக்கா? கூச்சப்படாம வாயைத் திறந்து சொல்லும்" என்றார் வக்கீல்.

நான் வாயைத் திறந்தேன்.

"ஆறும் தொளைச்சிண்டு உள்ளே போயிடும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து ஒரு குரல், "சிவ சிவா! நல்ல காரியத்துக்கு வந்துட்டு என்ன பேச்சாக்கும் இது!" என்றது. அது வக்கீலின் அக்கா ஜானகி அத்தை. அந்த வீட்டில் கோர்ட்டு வக்கீலுடையது; மற்றதெல்லாம் அத்தையுடையது.

"எது உள்ளே போயிடும்?" என்று கேட்டார் வக்கீல். குறுக்கு விசாரணைக் குரல்.

"தூண், மாமா. பாதம் மெலிசு. புத்தகத்தை ஏத்தினதும் தூண் பாதத்தைப் பொத்துண்டு கீழே எறங்கும். மேல்கூடம் அப்படியே…"

"சேஷா!" என்றார் அப்பா.

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரு அப்பளாம் கிடைக்குமா?" என்று கேட்டேன். பிள்ளைக்குப் பசி போலிருக்கிறது என்று பெருந்தன்மையாக நினைத்து, அத்தை எண்ணெய் சொட்டச் சொட்டப் பொரித்து அனுப்பினாள். நான் அதை வக்கீலின் உள்ளங்கையில் வைத்து, என் ஆள்காட்டி விரலால் ஒரு குத்துக் குத்தினேன். சாஸ்திரப்படி வட்டமாகவே துளை விழுந்தது. எண்ணெய் அவருடைய சரிகை அங்கவஸ்திரத்தில் வழிந்தது. துண்டு ஒன்று அவர் மீசையில் போய் உட்கார்ந்தது.

வக்கீல் மீசையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற காண்டிராக்டரைக் கூப்பிட்டார். பழனிச்சாமிக் கவுண்டர் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து ஆள். வாட்டசாட்டமான உடம்பு, பூப்போன்ற குரல்.

"ஏனுங்க தம்பி, நானுங்க கோயமுத்தூர்ல இதே கனத்துல எத்தனையோ ஊட்டுக்குப் போட்டிருக்கேனுங்க. எந்தத் தூணும் உள்ள போகலீங்களே" என்றார்.

"அந்த வீட்டு மேலேயெல்லாம் மனுஷா இருக்கா. இங்கே சட்டம் இருக்கப்போறது" என்றேன்.

வக்கீலுக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு முகத்தில் காட்டவில்லை. எழுந்து நின்று, கோர்ட்டில் பேசுகிற மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"கேட்டுக்கோரும். வாயால சொல்றது சாட்சியம் ஆகாது. கவுண்டர் கணக்குக்கு ஒரு பாதம், உம்ம கணக்குக்கு ஒரு பாதம், ரெண்டும் இங்கேயே வார்க்கட்டும். இறுகினதும் மேலே நெல்லு மூட்டை ஏத்திப் பார்க்கலாம். உம்மோடது நின்னு அவரோடது பொத்துண்டா, தூணும் உம்ம கணக்கு, பொண்ணும் உம்ம ஆத்துக்கு. உம்மோடது பொத்துண்டா ரெண்டும் கிடையாது. தொழில்லே வாயைத் திறக்கறவன் அதுல நிக்கணுமாக்கும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான், "சம்மதம்" என்றேன். சந்தேகம் துளிகூட இல்லை. கவுண்டர் பாதம் நாலு விரல். என்னுடையது ஒரு முழுச் சாண். வக்கீல் நியாயமாக, "உம்மோடதை எங்கே வார்க்கறது? வாசல்லேயா?" என்று கேட்டார். அங்கேதான் என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த முட்டாள்தனத்தைப் பேசினேன்.

"வாசல்லே கவுண்டரோடதைப் போடுங்கோ, மாமா. என்னோடது கொல்லையிலே போட்டாலும் நிக்கும்."

மறுநாள் அப்படியே வார்த்தோம். மணல் பரப்பி, அதன்மேல் கம்பி பின்னி, வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே சிமெண்ட், ஒரே மணல், ஒரே ஜல்லி. நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். பலகையால் இழைத்து, கண்ணாடி மாதிரி மட்டம் செய்து, நனைத்த கோணிச்சாக்கைப் போர்த்திவிட்டு, மலைக்குத் திரும்பும் முன் ஜானகி அத்தையிடம் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை; தண்ணீரைக் குடித்துத்தான் கெட்டியாகிறது. வாரக்கணக்கில் ஈரம் காயக் கூடாது. காய்ந்தால் பொருபொருத்துப் போகும். ஆகையால் காலையிலும் சாயங்காலமும் நிறையத் தண்ணீர் விடவேண்டும்.

அத்தை உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "கான்கிரீட்டுக்குத் தாகமாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் சிரித்தேன். அவளும் தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினதாக எடுத்துக்கொண்டு நான் ரயிலேறிவிட்டேன்.

மலையில் இருந்த அந்த நாட்களில் எனக்குக் கல்யாண நினைப்பு ஒன்றுதான். மேஸ்திரி முத்தையா, "என்னய்யா, செவுத்தப் பாத்துச் சிரிக்கிய?" என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது. கவுண்டருக்கு என்ன ஆறுதல் சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். பாவம், நல்ல மனுஷர், தோற்றபிறகு மனசு நோகக்கூடாது அல்லவா?

மாசியில் திரும்பி வந்தேன். கல்பாத்திக்குச் செய்தி பரவியிருந்தது. கோர்ட்டுக் கச்சேரியைவிட இது சுவாரசியம் என்று தெருவே திரண்டிருந்தது. கோவிலிலிருந்து குருக்கள்கூட வந்துவிட்டார்.

முதலில் வாசல் பாதம். அதன்மேல் ஒரு அழகான இழைக்கோலம் போட்டிருந்தது. (அதையும் நான் கவனித்தேன், கவனித்து, 'அடடா, என்ன நறுவிசு' என்று மெச்சினேன். அதற்குமேல் மூளை வேலை செய்யவில்லை.) பாதத்தின் நடுவில் ஒரு குட்டையான தேக்கு உருளையைத் தூண் மாதிரி நிறுத்தி, அதன்மேல் பலகைத்தட்டு வைத்து, தட்டு சாயாமல் கவுண்டரின் ஆட்கள் நாலு பக்கமும் கயிறு பிடித்துக்கொள்ள, நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு துளை விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மூட்டை ஏறிக்கொண்டே போயிற்று. களஞ்சியத்திலிருந்த மூட்டையெல்லாம் ஏறியும் பாதம் அசையவில்லை. கோலம்கூடக் கலையவில்லை.

"நிக்குதுங்களே தம்பி" என்றார் கவுண்டர். அவருக்கே ஆச்சரியம்.

"நெல்லுதானே? சட்டம் இன்னும் கனம்" என்றேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்னக் குறுகுறுப்பு. சமாளித்துக்கொண்டேன். மெலிசே நிற்கிறதென்றால் என்னுடையதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வக்கீலை அசத்துகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டால் போதும்.

கூட்டம் கொல்லைக்கு நகர்ந்தது. அங்கே என் பாதத்தைச் சுற்றி வெள்ளை வேட்டிகளை விரித்து அரிசிக் கொண்டாட்டம் காய்ந்துகொண்டிருந்தது. (எங்கள் ஊரில் வடாம் வற்றல் வகையறாவுக்குக் கொண்டாட்டம் என்றுதான் பேர்.) பாதத்தின் மேலும் ஒரு வேட்டி. ஜானகி அத்தை முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுருட்டினாள். பாதம் பளிச்சென்று, வெளுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. என் கண்ணுக்கு அது லட்சணமாகப் பட்டது.

தேக்கு உருளை நின்றது. தட்டு ஏறியது. மூட்டைகள் ஏறின. பாதிக்குமேல் போனபோது எங்கேயோ 'கிறீச்' என்று கேட்டது. "பலகையாக்கும்" என்றேன். கடைசி மூட்டையும் ஏறிவிட்டது. பாதம் நின்றது! ஜன்னல் பக்கம் பார்த்தேன். அங்கே பாகீரதி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் கலங்கியிருந்தன. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்ணீர்தான் என்னைக் கெடுத்தது. "மாமா, ரெண்டும் நின்னா தீர்ப்பு எப்படி? இதோ, நானே ஏறறேன், பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, தொப்பியைச் சரி செய்துகொண்டு, மூட்டைக்கு மூட்டை காலை வைத்து உச்சியில் ஏறி உட்கார்ந்தேன். தெருவே அண்ணாந்து பார்த்தது. அவ்வளவு உயரத்திலிருந்து பேசாமல் இறங்க மனசு வருமா?

"மகாஜனங்களே! மெலிசுக்கும் கனத்துக்கும் உள்ள வித்தியாசம் என்னன்னா…"

வித்தியாசம் என்ன என்று அந்தச் சபைக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். தேக்கு உருளை என் பாதத்தை அப்பளம் மாதிரி பொத்துக்கொண்டு இறங்கிற்று. தட்டு ஒரு பக்கம் சாய, கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு ஓட, மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருள, அவற்றுக்கு நடுவே நானும் ஒரு மூட்டையாக உருண்டு, அரிசிக் கொண்டாட்டத்தின் மேல் மல்லாந்து விழுந்தேன். பாதி காய்ந்த கொண்டாட்டத்துக்கு நல்ல பசை உண்டு. எழுந்தபோது முதுகு முழுக்க வரிவரியாக ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியின்மேல் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது.

"தம்பீ! அடி கிடி பட்டுச்சுங்களா?" என்று முதலில் ஓடிவந்தவர் கவுண்டர்தான். மற்றவர்கள் சிரித்து முடித்துவிட்டு வந்தார்கள்.

நான் நேரே துளைக்குப் போய்க் குந்தினேன். நடுத்துண்டு கவிழ்த்த பானையாகப் பெயர்ந்திருந்தது, காலேஜில் பார்த்த அதே வடிவம். உடைந்த ஓரத்தை விரலால் நிமிண்டினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்த கான்கிரீட் இல்லை அது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தையிலும் மாசியிலும் எப்படி அடிக்கும் என்று பிறந்ததிலிருந்து தெரியும். உதட்டையே வெடிக்க வைக்கிற காற்று. பச்சைக் கான்கிரீட்டை விடுமா? போதாததற்கு, மேல்முகத்தில் உருளை நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு தேய்ந்த தடம், அதிலிருந்து ஓடிய நூலிழை விரிசல்கள்.

"அத்தை, இது என்ன வட்டம்?"

"உரல் வெச்ச தடம்" என்றாள் அத்தை, வெகு சாதாரணமாக. "நீ போன மறுநாளே வெச்சாச்சு. கல்யாணத்துக்கு அப்பளாம் வேண்டாமா? மாப்ளை யாரா இருந்தா என்ன, அப்பளாம் இடிச்சுத்தானே ஆகணும். நல்ல மட்டமான கல்லு. உலக்கை போடப் போட ஆடவே இல்லை கேட்டியா."

"தண்ணி? ஈரச் சாக்கு?"

"சாக்கா? மடியா அப்பளாம் இடற எடத்துல கோணிச்சாக்கா! விழுப்புன்னா அது? அதைத் தூக்கி அன்னிக்கே தென்னைமரத்தடியில கெடாசியாச்சு. தண்ணியை விட்டா என் கொண்டாட்டம் என்னத்துக்காகும்?"

பிறந்த மறுநாளே இரும்பு உலக்கையால் இடி வாங்கி, தண்ணீர் காட்டாமல் காற்றில் போட்டால், ஒரு சாண் என்ன, ஒரு முழமாக இருந்தாலும் துளைபடத்தான் செய்யும். இதை வக்கீலிடம் சொல்லலாமென்று நிமிர்ந்தேன். முதுகிலிருந்து ஒரு கொண்டாட்டம் கழன்று விழுந்தது. தெரு மறுபடியும் சிரித்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன பிரயோஜனம்? மெலிசு நின்றது, கனம் பொத்துக்கொண்டது, தெருவே சாட்சி. பாகீரதி இனி எனக்கு இல்லை.

"கெளம்பலாம் சேஷா. ரயிலுக்கு நேரமாச்சு" என்றார் அப்பா. ரயிலுக்கு இன்னும் அரைநாள் இருந்தது.

அப்போதுதான் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பாகீரதி வெளியே வந்தாள். அவ்வளவு ஆண்கள் நிற்கும் இடத்துக்கு அந்தக் காலத்தில் பெண்கள் வருவதில்லை. வந்தவள் தன் அப்பாவைப் பார்த்து, "இது அவரோடதா?" என்று கேட்டாள்.

"ஆமாம். ஏன்?"

"வாசல்ல இருந்ததுதான் அவரோடதுன்னு நெனைச்சேன்" என்றாள். அத்தோடு நிறுத்தவில்லை. "வந்த விருந்தாளியோட பாதத்தை யாராவது கொல்லையில போடுவாளா? அத்தைகிட்ட இவர் தண்ணியைப் பத்திச் சொன்னதை ஜன்னல்லேர்ந்து கேட்டேன். அதனாலதான் தெனம் காலம்பறயும் சாயங்காலமும் குடம் குடமாத் தெளிச்சுக் கோலம் போட்டேன். ஒருநாள்கூட விடலை. அவரோடது நிக்கணும்னுதான்…"

மிச்சத்தைச் சொல்லாமல் உள்ளே ஓடிவிட்டாள். கவுண்டர், "அட, என் பாதம் நின்னதுக்கு இதுதானுங்களா காரணம்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

வக்கீல் கொல்லையில் இரண்டு தரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குனிந்து என் பாதத்தின் ஓரத்தை ஒரு விரலால் நிமிண்டினார். நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"கவுண்டரே, ஆறு தூணுக்கும் ஒரு சாண் கனமாவே போடும். தூணடியில மேடையும் கட்டும். மெலிசு நின்னது கோலத்தாலேயாக்கும். கோலம் போடறவ மலைக்குப் போகப்போறா. இனிமே எங்காத்துல யாரு அத்தனை குடம் தண்ணி சுமக்கறது?"

எனக்கு அர்த்தம் புரிய ஒரு கணம் பிடித்தது. அப்பா என் விலாவில் இடித்தார். நான் அப்படியே, முதுகில் கொண்டாட்டத்தோடு, சாஷ்டாங்கமாக விழுந்து நமஸ்காரம் செய்தேன். "பார்த்து, பார்த்து! மிச்சத்தையும் நசுக்கிடாதே!" என்று அத்தை கத்தினாள்.

ஆறு தூண்களும் என் கணக்குப்படி எழுந்தன. நான் கிட்டே நின்று, தினம் நனைக்க ஆள் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். கல்யாணத்தில் அப்பளம் பரிமாறும்போது ஒருவர் விடாமல் விரலால் நடுவில் குத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அத்தையின் அப்பளம்; என் பாதத்தின்மேல் இடித்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

மலைக்கு வந்தபின் பாகீரதி என் கட்டடத்தை நம்பவே இல்லை. நான் பாதம் வார்த்த மறுநாள் விடியும்போதே தோட்டத்துக்கு வந்துவிடுவாள். ஒருநாள் வேலை நடக்காமல் ஆட்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என்னவென்று கேட்டால், முத்தையா மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"அம்மா வந்து தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டுட்டுப் போயிட்டாகய்யா. அத எப்பிடி மிதிக்க?"

துரை ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்து, தேயிலைக் கட்டடத்தின் பாதங்களில் வரிசையாகக் கோலத்தைப் பார்த்துவிட்டு, இது எதற்கு என்று கேட்டார். துளைபடாமல் இருக்க என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த கட்டடத்துக்குக் கோலம் எங்கே என்று அவரே கேட்டார்.

என் பாதத்திலிருந்து பெயர்ந்த நடுத்துண்டை வக்கீல் மாமனார் கல்யாணச் சீரோடு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். கவிழ்த்த பானை மாதிரி இருப்பதால் உருளாது. இன்றும் எங்கள் சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. கதவுக்கு முட்டுக் கொடுக்க அதற்குப் போதிய பலம் இருக்கிறது. வீட்டில் யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும், என் பிள்ளைகள் பரீட்சையில் தேறினதைச் சொன்னாலும், நான் பாலம் கட்டினதைச் சொன்னாலும், "தண்ணி தெளிச்சாச்சா?" என்று ஒரு கேள்வி வந்துவிடும். வந்த மருமகளும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள்.

போன மாதம் கல்பாத்திக்குப் போயிருந்தோம். மேல்கூடத்தில் சட்டம் முன்னைவிட இரண்டு மடங்கு பெருகியிருக்கிறது. ஆறு தூணையும் தட்டிப் பார்த்தேன். மயிரிழை விரிசல் இல்லை. பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா பாகீரதி, என் கணக்கு எப்படி நிக்கறது!" என்றேன்.

அவள் வாசலில் குனிந்து முதல் தூணின் பக்கத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நகருங்கோ. இன்னும் அஞ்சு தூண் பாக்கி இருக்கு" என்றாள்.